பதினேழாம் எண் முழங்கால்

என் இடது முழங்காலை நான் மறந்துவிட்டேனா என்று அந்த மருத்துவமனை இதுவரை என்னிடம் எழுபத்து மூன்று முறை கேட்டிருக்கிறது. ஒரு பொருளை மறந்துவிட்டாயா, மறந்துவிட்டாயா என்று ஓயாமல் கேட்டால் அதை எந்த மனிதன் மறப்பான் என்று நானும் ஒரு முறை திருப்பிக் கேட்டேன். "அதுக்குத் தனிப் படிவம் இருக்கு சார்" என்றார்கள்.

நான் பேருந்து ஓட்டுநர். இருபத்தாறு வருடம் கிளட்ச்சை மிதித்து மிதித்து இடது முழங்காலின் உள்பக்கம் தேய்ந்துபோயிற்று. வெளிப்பக்கம் புத்தம் புதிதாக இருக்கிறது என்று டாக்டர் சொன்னார், ஏதோ நான் அதை மட்டும் துணி போட்டு மூடி வைத்திருந்த மாதிரி. முழு மூட்டையும் மாற்ற வேண்டாம், தேய்ந்த பாதியை மாற்றினால் போதும் என்றார். அதுவும் அலமாரியில் அடுக்கி வைத்திருக்கும் அளவுகளில் ஒன்று இல்லை. என் எலும்பை ஸ்கேன் எடுத்து, அதன் மேடு பள்ளம் பார்த்து, எனக்கென்றே செய்து வைப்பார்களாம்.

"இது உங்களுக்கு மட்டும்தான் பொருந்தும்," என்றார் டாக்டர். "உலகத்துல வேற ஒரு மனுஷனுக்குப் பொருந்தாது. கைரேகை மாதிரி."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. நான் சட்டையைக்கூட அளவு கொடுத்துத் தைத்துக்கொண்டதில்லை. அந்தப் பெருமை வீடு வந்து சேரும் வரைதான் நீடித்தது. வாசலில் சகலையின் செருப்பு கிடந்தது. சகலை என் மனைவியின் தங்கையைக் கட்டியவர். டைல்ஸ் கடையில் மேலாளர். பேச்சிலேயே தரையை வழவழப்பாக்கி விற்றுவிடுவார். நான் எதை வாங்கினாலும் பத்தே நாளில் அவர் வீட்டிலும் அது இருக்கும், என்னுடையதைவிட ஒரு பிடி பெரியதாக.

"அண்ணே, எனக்கும் இடது முட்டிதான். உள்பக்கம்தான். நேத்து அளவெடுத்தாச்சு," என்றார்.

முட்டியையாவது விட்டுவைத்திருக்கலாம்.

அக்காவும் தங்கையும் கூடிப் பேசி, இரண்டு பேருக்கும் ஒரே நாளில் அறுவை சிகிச்சை என்று முடிவு கட்டினார்கள். ஒரே அறை, ஒரே பிளாஸ்க். ஒருத்தி துணைக்கு இருந்தால் இன்னொருத்தி வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வரலாம். எங்களை யாரும் கேட்கவில்லை.

கட்டில் பதிவாகும்போதே மருத்துவமனையில் ஒரு எண் கொடுத்துவிடுவார்கள். கட்டிலுக்கு என்ன எண்ணோ அதுதான் முட்டிக்கும். எனக்குப் பதினேழு, சகலைக்குப் பதினெட்டு. முந்தின வாரமே ஆளுக்கொரு அட்டைப்பெட்டி வீட்டுக்கு வந்தது. உள்ளே எங்கள் எலும்பைப் போலவே செய்த பிளாஸ்டிக் எலும்பு. என்னுடையதில் 17 என்று பொறித்திருந்தது. டிவிக்குப் பக்கத்தில் வைத்தேன். என் மனைவி அதை எடுத்து அலமாரிக்குள் வைத்தாள்.

சேர்ந்த அன்று அறைக்குள் நுழைந்ததும் எனக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது. பதினேழு கதவோரம். பதினெட்டு ஜன்னலோரம். சகலை ஏற்கெனவே ஜன்னல் பக்கம் சாய்ந்து படுத்து, ஏதோ கப்பலில் போகிறவர் மாதிரி வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கதவுப் பக்கம் காத்து அடிக்குது. எனக்கு ஆகாது," என்றேன் மனைவியிடம்.

"நாளைக்குக் காலைல காலை அறுக்கப் போறாங்க. இப்போ ஜன்னல்தான் குறைச்சலா?" என்றாள். ஆனாலும் தங்கையிடம் போய்ச் சொன்னாள். இருபத்தெட்டு வருடக் குடித்தனத்தில் என் முகத்தை அவளுக்குப் படிக்கத் தெரியும். சகலை மறுபேச்சுப் பேசாமல் தலையணையைத் தூக்கிக்கொண்டு மாறிப் படுத்தார். ஜன்னலுக்கு வெளியே ஒரு தண்ணீர்த் தொட்டி இருந்தது. அன்று சாயங்காலம் முழுக்க அதை அனுபவித்துப் பார்த்தேன்.

நர்ஸ் வந்து கையில் ஒரு பட்டை கட்டினார்.

"என் பேரு எழுதலையாம்மா?"

"பேரு எழுதினா உங்க அந்தரங்கம் போயிடும் சார். அதோட பேரு தப்பாகும், நம்பர் தப்பாகாது," என்று சொல்லி, கட்டிலின் தலைமாட்டைப் பார்த்து 18 என்று எழுதிவிட்டுப் போனார்.

மறுநாள் அறுத்தார்கள், வைத்தார்கள், தைத்தார்கள். நான்காம் நாள் நடந்தேன். ஆறாம் வாரம் பேருந்து நிலையக் கொட்டகையில் நிறுத்தி வைத்திருந்த வண்டியில் ஏறி உட்கார்ந்து கிளட்ச்சை நாற்பது முறை மிதித்துப் பார்த்தேன். ஒரு தொந்தரவும் இல்லை. படி ஏறினால் மட்டும் உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம். நாளைக்கே வண்டி எடுக்கிறேன் என்று டிப்போ மேலாளரிடம் போய் நின்றேன். கால்சட்டையைச் சுருட்டிக் காட்டவும் செய்தேன்.

"உங்க முட்டியைப் பார்த்து நான் என்ன பண்றது? எனக்கு நம்பர் வேணும்," என்றார் மேலாளர். "மருத்துவமனையிலேர்ந்து எண்பது மதிப்பெண்ணுக்குச் சான்றிதழ் வாங்கிட்டு வாங்க, வண்டி தர்றேன். ஆறு மாசத்துல வரலேன்னா ஓய்வு பெறுற வரைக்கும் நீங்க பொருள் அறையிலதான்."

பொருள் அறை என்பது பயணிகள் பேருந்தில் மறந்து வைத்துவிட்டுப் போகும் சாமான்களைப் போட்டு வைக்கும் அறை. முந்நூற்றுச் சொச்சம் குடை, சாப்பாட்டு டப்பா, ஒற்றைச் செருப்பு, ஒரு பல்செட். ஜன்னல் கிடையாது. சாமானில் கட்டிய சீட்டின் எண்ணையும் கேட்டு வருகிறவர் சொல்லும் எண்ணையும் ஒத்துப் பார்த்துக் கொடுக்க வேண்டும். அதுதான் வேலை. என் ஒன்பதாம் எண் வண்டியை ஒரு இளவட்டம் ஓட்டிக்கொண்டிருந்தான். திருப்பத்தில் அவன் கியர் மாற்றும் கரகரப்பு உள்ளே வரை கேட்கும். ஒவ்வொரு தடவையும் அது என் பல்லில் கடிபட்டது.

சரி, எண்பது மதிப்பெண் வாங்குவது எப்படி? மருத்துவமனையில் பலன் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. அறுவை சிகிச்சையில் கிடைத்த பலனை அளப்பது அவர்கள் வேலை. நடையை அளக்க மாட்டார்கள், மடக்கி நீட்டச் சொல்ல மாட்டார்கள். நல்ல முட்டி என்பது இருப்பதே தெரியாத முட்டியாம். ஆகவே நோயாளி தன் முட்டியை எவ்வளவு மறந்திருக்கிறார் என்று பன்னிரண்டு கேள்வி கேட்டு மதிப்பெண் போடுவார்கள். மறந்தால் மதிப்பெண். நினைத்தால் கழிவு.

காலை ஆறரைக்குப் போன் வரும்.

"சார், வணக்கம். பலன் பிரிவு. தூங்கும்போது உங்களுக்கு முட்டி ஞாபகம் வந்துதா?"

"தூங்கிட்டுத்தாம்மா இருந்தேன். நீங்க கூப்பிட்டதும் வந்துருச்சு."

"அப்போ வந்துதுன்னு போட்டுக்கறேன்."

எனக்கு ஐம்பத்திரண்டு வந்தது. சகலைக்கு எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே என் மனைவி வந்து சொன்னாள்.

"தொண்ணூத்தி நாலாம். என் தங்கச்சி இப்போதான் பேசினா. அவர் ரெண்டு கையிலயும் பக்கெட் வெச்சுக்கிட்டு மாடிப்படி இறங்குறாராம். அப்படி என்னதான் பண்றார்னு கொஞ்சம் கேட்டுத்தான் பாருங்களேன்."

கேட்கவில்லை. நேரே போய்ப் பார்த்தேன். எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, அவர் வீட்டு வெளிப்படியை ஒன்றரை மணி நேரம் கவனித்தேன். பக்கெட்டோடு இறங்கினார், உண்மைதான். 'டக்' என்ற சத்தம் தெருவைத் தாண்டிக் கேட்காதுதான், ஆனாலும் அது இல்லை என்று எனக்குத் தெரிந்தது. சொன்னால் வெட்கக்கேடு: அந்த நிமிடம் அந்த மனுஷன் ஒரு படி தவறினால் என்ன என்று நினைத்தேன்.

அடுத்த முறை மருத்துவமனைக்குப் போனபோது நடைபாதைச் சுவரில் ஒரு பெரிய சட்டம் மாட்டியிருந்தது. 'இந்த மாதத்தின் முழங்கால்' என்று தலைப்பு. முகம் இல்லை, தொடையிலிருந்து கெண்டைக்கால் வரை மட்டும். கீழே 'டைல்ஸ் கடை மேலாளர், தொண்ணூற்று நான்கு' என்று எழுதியிருந்தது. முட்டிக்குக் கீழே இருந்த அந்த மச்சத்தை எனக்குத் தெரியும். பக்கத்துக் கட்டிலில் நாலு நாள் பார்த்த மச்சம். பக்கத்தில் நின்ற அம்மாள் ஒருத்தி, "எவ்வளவு லட்சணமா இருக்கு பாருங்க," என்று என்னிடம் சொன்னார்.

மதிப்பெண் குறைந்தவர்களுக்கு மறதி வகுப்பு நடத்தினார்கள். பதினான்கு பேர் வட்டமாக உட்கார்ந்தோம். பலன் பிரிவுத் தலைவரே வந்து பேசினார்.

"ஒரு காலத்துல நோயாளி நடக்கறாரா, படி ஏறுறாரான்னு பார்த்துட்டிருந்தோம். அது பழைய முறை," என்றார். "நடக்கிறதும் நடக்காததும் அவர் சொந்த விஷயம். அதுல நாங்க தலையிடறதில்ல. அவர் என்ன சொல்றாருங்கிறதுதான் எங்களுக்குப் பலன். நல்லா சொல்ற நோயாளிதான் நல்லா குணமான நோயாளி."

பிறகு எல்லாரும் கண்ணை மூடி, 'எனக்கு முட்டி இல்லை' என்று கால் மணி நேரம் மனசுக்குள் சொல்ல வேண்டும். நான் சொல்லச் சொல்ல எனக்கு முட்டியைத் தவிர உடம்பில் வேறெதுவும் இல்லை போல ஆகிவிட்டது. கணக்கு வாத்தியார் ஒருவர் மூன்றாம் நிமிடமே குறட்டை விட்டார். வகுப்பில் முதல் மதிப்பெண் அவருக்குத்தான். போகும்போது எங்கள் எல்லாருக்கும் ஒரு நாட்காட்டி தந்தார்கள். பன்னிரண்டு மாதத்துக்கும் பன்னிரண்டு படம், எல்லாம் எங்கள் சொந்த முட்டியின் எக்ஸ்ரே. தினமும் பார்க்கிற இடத்தில் மாட்ட வேண்டுமாம். அதன் கீழே 'மறந்துவிடுங்கள்' என்று அச்சடித்திருந்தது.

ஐந்தாம் மாதக் கடைசியில் எனக்கு ஐம்பத்தெட்டு. சகலைக்குத் தொண்ணூற்றாறு. பொய் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்பீர்கள். முயன்றேன். "ஞாபகமே இல்லம்மா" என்று ஒரு நாள் சொன்னேன். "எது ஞாபகம் இல்ல சார்?" என்று கேட்டார். "முட்டிதான்" என்றேன். "அப்போ ஞாபகம் இருக்கே சார்" என்று இரண்டு மதிப்பெண் கழித்துக்கொண்டார்.

கடைசி மதிப்பீட்டுக்கு மருத்துவமனை அட்டையையும் பிளாஸ்டிக் எலும்பையும் எடுத்து வரச் சொல்லியிருந்தார்கள். அன்று காலை பொருள் அறை மேஜையில் இரண்டையும் வைத்துவிட்டு, குடை கேட்டு வந்த ஒரு பெண்ணிடம் எண்ணைக் கேட்டேன். அவர் சொன்ன எண்ணுக்கும் சீட்டிலிருந்த எண்ணுக்கும் ஒரு இலக்கம் வித்தியாசம். "உங்களுது இல்லம்மா," என்று திருப்பி அனுப்பினேன். கை பழகிய பழக்கத்தில் அடுத்ததாக என் சாமான்களையும் ஒத்துப் பார்த்தது. எலும்பில் 17. அட்டையில், உள்ளே வைத்த உலோகத் துண்டின் உறையிலிருந்து உரித்து ஒட்டியிருந்த சீட்டில் 18.

ஒரு குடையாக இருந்திருந்தால் நான் கொடுத்திருக்கவே மாட்டேன்.

கட்டில், பட்டை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் ஒவ்வொன்றாக வந்து நின்றன. சகலையின் முட்டிதான் என் காலில் 'டக்' என்று சொல்லிக்கொண்டிருந்தது. எனக்கென்று அளவெடுத்துச் செய்த முட்டி சத்தமில்லாமல் அவர் வீட்டுப் படியில் பக்கெட் தூக்கி இறங்கிக்கொண்டிருந்தது. சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்ததும் அதுதான். ஆறு மாதமாக நான் வயிறெரிந்தது என் சொந்த முட்டியைப் பார்த்து. அதை நானே ஒரு ஜன்னலுக்காகத் தூக்கிக் கொடுத்திருந்தேன்.

மதிப்பீட்டுக் குழுவில் பலன் பிரிவுத் தலைவரும் டாக்டரும் இருந்தார்கள். எலும்பையும் அட்டையையும் அவர்கள் முன்னால் வைத்தேன்.

"ரெண்டு பேருக்கும் முட்டியை மாத்தி வெச்சிட்டீங்க சார்."

டாக்டர் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மறுபடி பார்த்தார். தலைவர் பதறவே இல்லை.

"முட்டி மாறல. பதினெட்டாம் நம்பர் முட்டி பதினெட்டாம் நம்பர் கட்டிலுக்குச் சரியாத்தான் போயிருக்கு. எங்க பக்கம் பிழை பூஜ்யம்," என்றார். "மாறினது நீங்க."

"உலகத்துல வேற யாருக்கும் பொருந்தாதுன்னு சொன்னீங்களே," என்று டாக்டரைக் கேட்டேன்.

அதற்கும் தலைவரே பதில் சொன்னார். "அதைத்தான் நானும் சொல்றேன். யாருக்குமே பொருந்தாத முட்டி உங்களுக்குப் பொருந்தியிருக்கு. உங்க முட்டி இன்னொருத்தருக்குப் பொருந்தி தொண்ணூத்தாறு வாங்கியிருக்கு. இப்படி ஒரு சாதனையை யாரும் பண்ணினதில்ல. டாக்டர், இதைக் கட்டுரையா எழுதணும்."

டாக்டர் குறித்துக்கொண்டார்.

"அப்போ என் முட்டியை எடுத்து எனக்கே வெச்சிடுங்க," என்றேன்.

"அதுக்கு ரெண்டு பேரும் திருப்தி இல்லாத நோயாளியா இருக்கணும். அவர் தொண்ணூத்தாறு. விதியில இடமில்ல." தலைவர் என் அட்டையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "ஆனா ஒண்ணு. நாங்க மதிப்பெண் போடறது முட்டிக்கு, ஆளுக்கில்ல. பதினேழாம் நம்பர் முட்டி யார் பேர்ல பதிவாகியிருக்கு? உங்க பேர்ல. அது எவ்வளவு வாங்கியிருக்கு? தொண்ணூத்தாறு. அப்போ நீங்க தொண்ணூத்தாறு. அது எந்தக் காலுக்குள்ள இருக்குங்கிறது சின்ன விஷயம்."

சான்றிதழை அடித்து, முத்திரை குத்தி நீட்டினார். வாங்காமல் எழுந்து வந்திருக்க வேண்டும். எனக்குக் கிளட்ச் ஞாபகம் வந்தது. வாங்கிக்கொண்டேன். வெளியே வரும்போது ஒரு பணியாள் ஏணி போட்டு, சுவர்ப் படத்தின் கீழே இருந்த எழுத்தை உரித்துக்கொண்டிருந்தார். படத்தை மாற்றவில்லை. அதே தொடை, அதே மச்சம். கீழே மட்டும் 'பேருந்து ஓட்டுநர், தொண்ணூற்றாறு' என்று புதிதாக ஒட்டினார். சகலைக்கு என்னுடைய ஐம்பத்தெட்டை ஒரு விளக்கக் கடிதத்தோடு தபாலில் அனுப்பிவிட்டார்கள்.

டிப்போ மேலாளர் சான்றிதழைப் பார்த்து எழுந்து நின்று கை கொடுத்தார். முட்டியைப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை ஒன்பதாம் எண் வண்டியை எடுத்தேன். இருக்கை அந்த இளவட்டத்தின் உயரத்துக்கு இருந்தது, இறக்கிக்கொண்டேன். கிளட்ச் என் காலுக்கு அடங்கி உள்ளே போனது. இரண்டாம் நடையில் டைல்ஸ் கடை நிறுத்தத்தில் சகலை நின்றுகொண்டிருந்தார். முன்வாசலில் ஏறி, எனக்குப் பக்கவாட்டில் இருந்த முதல் இருக்கையில் உட்கார்ந்தார். கண்ணாடியில் பார்த்தேன். என் முட்டியின் மேல் அவருடைய வலது காலைத் தூக்கிப் போட்டு உட்கார்ந்திருந்தார். பாதை முழுவதும் எனக்கு அதே நினைப்பாக இருந்தது.

கடைசி நிறுத்தத்தில் எல்லாரும் இறங்கிய பிறகும் அவர் இறங்கவில்லை. இன்ஜினை அணைத்தேன்.

"போட்டோவுல இருக்கிறது என் கால் அண்ணே. கீழ உங்க தொழிலைப் போட்டிருக்காங்க," என்றார்.

"உள்ள இருக்கிறது என் முட்டி சகலை."

கையிலிருந்த டிக்கெட்டை மடித்துக்கொண்டே கேட்டார். "நல்ல முட்டியை நான் எடுத்துக்கிட்டேன்னுதானே நினைக்கிறீங்க?"

"பக்கெட்டோட படி இறங்கினதை நானே கண்ணால பார்த்தேன்."

"தெரியும். நீங்க டீக்கடையில உட்கார்ந்திருந்ததைப் பார்த்துட்டுத்தான் அண்ணே இறங்கினேன்." காலைக் கீழே இறக்கி, இரண்டு கையாலும் அந்த முட்டியைப் பிடித்துக்கொண்டார். "அன்னிக்கு முழுக்க ஐஸ் வெச்சுக்கிட்டுப் படுத்திருந்தேன். படி இறங்கினா உயிர் போகுது. உள்ள டக்கு டக்குன்னு சத்தம் வேற."

"உங்களுக்கும் சத்தம் வருதா?"

"முதல் நாளிலேர்ந்து. போன் வந்தா, முட்டின்னா என்னம்மான்னு கேட்பேன். மதிப்பெண் அள்ளிப் போட்டாங்க. உங்களுக்குக் கம்மியா வந்ததுன்னு வீட்டுல சொன்னாங்க, அதுக்கப்புறம் என்னால நிறுத்த முடியல. ஜன்னலைத்தான் நீங்க எடுத்துக்கிட்டீங்க, இதையாவது நான் எடுத்துக்கறேன்னு இருந்தேன்."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். பாவம் சகலை, டாக்டரைப் பாருங்க என்று சொல்லியிருக்க வேண்டும். பிறகு சொல்லவும் செய்தேன். ஆனால் முதலில் எனக்குள் வந்தது அது இல்லை. உயிர் போகுது என்று அவர் சொன்னாரே, அந்த வார்த்தை ஆறு மாதத்து எரிச்சல் மேல் குளிர்ந்த தண்ணீர் மாதிரி இறங்கியது. உடம்பு முழுக்க லேசாகிவிட்டது. ஜன்னல் வழியாக நல்ல காற்று வந்தது. இருபத்தாறு வருடமாகப் பார்க்கும் அந்தக் கடைசி நிறுத்தம் அன்றைக்கு அவ்வளவு அழகாக இருந்தது.

அப்போதுதான் போன் அடித்தது.

"சார், வணக்கம். பலன் பிரிவு. முட்டி ஞாபகம் இருக்கா?"

"எந்த முட்டிம்மா?" என்றேன். சத்தியமாக எனக்கு ஞாபகம் இல்லை.

அந்தப் பக்கம் விரல்கள் தட்டும் சத்தம் கேட்டது. "ரொம்ப சந்தோஷம் சார். நூறு போட்டுக்கறேன். எங்க மருத்துவமனையில இதுதான் முதல் நூறு."

போனை வைத்தேன். சகலை இருக்கையிலிருந்து முன்னால் குனிந்து, "எவ்வளவு அண்ணே?" என்று கேட்டார்.

சொன்னேன். அவர் முகம் போன போக்கைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே கிளட்ச்சை மிதித்தேன்.